வளையம் தெரிந்தால் போதாது

எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்க விரும்புவது, கேமராத் திரையில் தெரியும் அந்த ஒளி வளையத்தைத்தான். நடுவில் கருப்பு, சுற்றிலும் வெளிச்சம். பார்த்ததுமே கைபேசியை எடுத்துவிடுவார்கள். எனக்கோ அந்தப் படத்தின் மேல் பெரிய மதிப்பு கிடையாது. கண்ணாடி இழைக்குள்ளேயே ஒளியைப் பெருக்கும் ஒளியிழை லேசர்களோடு மல்லுக்கட்டிப் பிழைப்பு நடத்துகிற எவரும் வளையத்தை மட்டும் நம்ப மாட்டார்.

ஒளியின் மின்புலம் அதிரும் திசையைத் தளவிளைவு (polarization) என்கிறோம். தளவிளைவு கொண்ட சாதாரண லேசர் கற்றையின் குறுக்கே எங்கு பார்த்தாலும் மின்புலம் ஒரே திசையில்தான் அதிரும். நாங்கள் உருவாக்கும் கற்றையில் இடத்துக்கு இடம் திசை மாறும். ஒரு வகையில் மையத்திலிருந்து ஆரங்களைப் போல வெளிநோக்கி. இன்னொரு வகையில் வட்டத்தைச் சுற்றித் தொடுகோடாக. தலைச்சுழியின் நடுவில் முடி எந்தப் பக்கமும் படியாது அல்லவா? இங்கும் அப்படித்தான். மையத்தில் எந்தத் திசையும் பொருந்தாததால் ஒளி அங்கே பூச்சியமாகிவிடுகிறது. இருட்டுக்குக் காரணம் அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், ஆரத்திசைக் கற்றைக்கும் வளையம், தொடுதிசைக் கற்றைக்கும் வளையம், எச்.இ.21 எனப்படும் இரட்டை மோடுகளுக்கும் அதே வளையம். (மோடு என்பது இழைக்குள் ஒளி பரவும் ஒரு வடிவம்.) கேமராவுக்கு வேறுபாடு தெரியாது. முன்னால் ஒரு போலரைசரை, அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டியை, வைத்துத் திருப்பினால்தான் குட்டு வெளிப்படும். வளையம் இரண்டு துண்டாகப் பிளக்கும். துண்டுகள் போலரைசரின் அச்சோடு வரிசையாக நின்று கூடவே சுழன்றால் ஆரத்திசை. அச்சுக்குச் செங்குத்தாக நின்று சுழன்றால் தொடுதிசை. எதிர்ப்பக்கமாகச் சுழன்றால் எச்.இ.21. அலைமுகம் திருகுபோல முறுக்கிய கற்றையைத் திருகுமுகக் கற்றை என்போம். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தினர் 1992இல் சுழல் உந்தம் உண்டு என்று காட்டிய அந்தக் கற்றை, வட்டத் தளவிளைவோடு வந்தால் வளையம் பிளக்கவே பிளக்காது. மங்க மட்டும் செய்யும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது போலரைசரைத்தான்.

கற்றையை வரவழைப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. தொலைத்தொடர்புக்குப் பயன்படும் எஸ்.எம்.எஃப்-28 இழை 1550 நானோமீட்டரில் ஒற்றை மோடு இழை. இட்டெர்பியம் என்ற தனிமம் கலந்த இழை லேசரின் 1064 நானோமீட்டரிலோ அடுத்த மோடு குடும்பத்துக்கும் அது இடம்கொடுக்கும். இரண்டு இழைகளைச் சில மைக்ரோமீட்டர் விலக்கி ஒட்டினால் ஒளியின் ஒரு பங்கு அந்தக் குடும்பத்துக்குத் தாவும். இழைக்குள் பதித்த பிராக் கிரேட்டிங் எனும் வரிக்கண்ணாடி ஒவ்வொரு மோடையும் சற்றே வேறான அலைநீளத்தில் திருப்பி அனுப்புவதால் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். மீதி வேலை, இழை சுற்றிய மூன்று துடுப்புகளைக் கையால் சாய்ப்பது. 'தளவிளைவுக் கட்டுப்படுத்தியைச் சரிசெய்து' என்று ஆய்வுக் கட்டுரைகள் அரை வரியில் முடித்துவிடும். அந்த அரை வரிக்குள் ஒரு முழுப் பிற்பகலே அடங்கியிருக்கிறது.

வந்ததை நிறுத்திவைப்பதுதான் பெரும்பாடு. சாதாரண இழையில் இந்த மோடுகள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்கின்றன. ஆகவே ஒரு சிறு வளைவு, ஒரு அழுத்தம் போதும், ஒன்று மற்றொன்றோடு கலந்துவிடும். குளிர்சாதனம் ஓடத் தொடங்கினால் வளையம் ஒரு பக்கம் கனக்கும். யாராவது மேசை மேல் கிடக்கும் இழையை நகர்த்தினால் கதை முடிந்தது.

ஒருமுறை உலோகம் வெட்டும் தொழிற்சாலையிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். வெட்டுத்தடத்தின் சுவரில் சாய்வாக விழும் ஒளியை, தளவிளைவின் திசையைப் பொறுத்தே உலோகம் உள்வாங்குகிறது. ஆரத்திசைக் கற்றைக்கு எந்தப் பக்கம் வெட்டினாலும் சாதகமான திசையே அமையும். வெட்டுத்திறன் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு உயரலாம் என்று ரஷ்ய ஆய்வாளர்கள் நிசீவும் நெஸ்டெரோவும் 1999இல் கணக்கிட்டார்கள். ஜெர்மனியின் எர்லாங்கனில் 2003இல் இதே வகைக் கற்றையைக் கூர்மையாகக் குவித்து, அலைநீளத்தின் வர்க்கத்தில் 0.16 பங்கே பரப்புள்ள சிறு புள்ளியை அளந்தார்கள். நான் இதையெல்லாம் உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாலும் இப்படியே இருக்குமா, சார்?" என்றார். எங்கள் துறைக் கருத்தரங்குகளில் இவ்வளவு நல்ல கேள்வியை நான் கேட்டது குறைவு.

அவருக்கான விடை துடுப்பில் இல்லை, இழையின் வடிவத்தில் இருக்கிறது. இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதியான உள்ளகத்தைச் சுற்றி ஒளிவிலகல் எண் கூடிய ஒரு வளையத்தை அமைத்தால் மோடுகளின் வேகங்கள் தெளிவாகப் பிரிந்துவிடும். பிறகு அவை எளிதில் கலப்பதில்லை. ஒளியிழை ஆய்வாளர் சித்தார்த் ராமச்சந்திரனின் குழு 2009இல் இப்படிப்பட்ட இழையில் ஆரத்திசைக் கற்றையை 20 மீட்டர் கொண்டுசென்றது. 2013இல் 1.1 கிலோமீட்டர் சுழல் இழையில், திருகுமுகக் கற்றைகள் வழியாக நொடிக்கு 1.6 டெராபிட் தகவல் போனது.

ஆனால் அவை ஒளியைக் கடத்தும் இழைகள். வெட்டும் வேலைக்கு ஒளியைப் பெருக்கவும் வேண்டும். ஆற்றலைக் கூட்ட உள்ளகத்தைப் பெரிதாக்கினால் வேண்டாத மோடுகள் கூட்டமாக வந்து சேர்கின்றன. சிறிதாக வைத்தால் கண்ணாடி தாங்காது. இட்டெர்பியத்தை வளையத்துக்குள் மட்டும் கலந்தால், வளைய வடிவ மோடு மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பெருகும் என்று எதிர்பார்க்கிறோம். இப்போதைய தலைவலி, அந்த இழையைச் சாதாரண இழையோடு ஒட்டும் இடம். மையம் இம்மி விலகினாலும் பழைய கலப்படம் திரும்பி வந்துவிடுகிறது. இழைகளை உருக்கி ஒட்டும் கருவியான ஸ்ப்ளைசரின் தானியங்கி முறைக்கு வளைய உள்ளகம் பிடிபடவில்லை என்பதால், திரையைப் பார்த்துக் கையாலேயே சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.