அலுமினாவிடம் கேட்காத கேள்விகள்

"அலுமினா ஜெயிச்சிருந்தா இவ்வளவு கேள்வி கேட்டிருப்பீங்களா சேர்?"

இறுதி வருட மாணவி ஒருவர் என்னிடம் கேட்டது இது. அலுமினா, அதாவது அலுமினியம் ஒட்சைட்டு, அவருடைய ஆய்வில் போட்டியிட்ட இரண்டு பொருட்களில் ஒன்று. "கேட்டிருப்பேன்" என்றேன். அதைச் சொன்ன வேகம்தான் இன்னும் உறுத்துகிறது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருந்தால் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மலையகத்தில் ஆய்வுகூடம் நடத்துகிறவர்களுக்கு 2022ஐ விளக்கத் தேவையில்லை. டொலர் இல்லை, ஓடர் செய்த இரசாயனம் வரவில்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அவருடைய தலைப்பு நிக்கல் ஊக்கி. ஊக்கி என்பது வினையை வேகப்படுத்தும் பொருள்; அதன் உலோகத்தைப் பரப்பி வைக்கும் பொருள்தான் தாங்கி. நல்ல தாங்கி வாங்க வழியில்லை. "வீட்டுல மிலாறு கெடக்கு சேர், அதுல காபன் செஞ்சு பாக்கவா?" என்றார். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையிலிருந்து அம்மாமார் விறகாகத் தலையில் கட்டிக்கொண்டு வரும் அதே மிலாற்றுக் குச்சி. அதை எரித்து ஆக்கிய சோற்றில் வளர்ந்தவன்தான் நானும். செய்யுங்கள் என்றேன்.

குச்சிகளை இடித்து, பொசுபோரிக் அமிலத்தில் ஊறவைத்து, நைதரசன் ஓட்டத்தில் சுட்டு, அமிலம் போகும்வரை கழுவினார். அப்புறம் நிக்கல் நைத்திரேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் கிளறினார். இந்த வேலையில் ஒரு கட்டம் உண்டு. அதுவரை உலர்ந்த தூளாகப் புரண்டுகொண்டிருந்தது, ஒரு துளி கூடியதும் சட்டென்று கரண்டியில் ஒட்டும். துளைகள் நிரம்பி, மிச்சக் கரைசல் வெளியே நிற்கிறது என்று அர்த்தம். அந்தத் துளிக்கு முன்னால் நிறுத்த வேண்டும். அவருக்கு அது சீக்கிரமே கைவந்தது. எனக்கு இன்றும் சரியாக வராது.

ஒப்பிடுவதற்கு அலுமாரியில் ஒரு பழைய அலுமினாப் போத்தல் இருந்தது. இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினார்: நைதரசனில் 500 பாகை, பிறகு நிக்கலை உலோகமாக்க ஐதரசனில் 400 பாகை. பரிசோதனைக்கு 4-நைத்திரோபீனோல். சோடியம் போரோஐதரைட்டு சேர்த்தால் கரைசல் பளிச்சென்று மஞ்சளாகும். ஊக்கி வேலை செய்தால் அந்த மஞ்சள் போய்விடும். நிறமாலையில் 400 நனோமீற்றரில் உள்ள மேடு இறங்க, 300 பக்கம் அது மாறி உண்டாகும் அமினோபீனோலின் மேடு ஏறும். காசில்லாத ஆய்வுகூடத்துக்கு ஏற்ற பரிசோதனை.

மிலாற்றுக் காபனில் ஏற்றிய நிக்கல்தான் வேகமாக வேலை செய்தது. கொஞ்சநஞ்ச வித்தியாசம் இல்லை. ஆய்வறிக்கையின் தலைப்பில் "அலுமினாவை விடச் சிறந்த தாங்கி" என்று எழுதிக்கொண்டு வந்தார்.

நான் கேட்கத் தொடங்கினேன். காபன் சாயத்தை உறிஞ்சும் சாமான்; மஞ்சள் போனது வினையாலா, உறிஞ்சலாலா? நிக்கல் ஏற்றாத காபனைத் தனியாகப் போட்டுப் பார்த்ததையும், 300இல் மேடு ஏறியதையும் காட்டினார். சரி. காபன் எவ்வளவு அயடீனை உறிஞ்சுகிறது என்ற எண்ணை வைத்து மேற்பரப்பு அதிகம் என்கிறீர்கள். அந்த மேற்பரப்பில் பெரும்பகுதி 2 நனோமீற்றருக்கும் சிறிய துளைகளுக்குள் கிடக்கிறது, 10 நனோமீற்றர் நிக்கல் துணிக்கை அதற்குள் எப்படி உட்காரும்? பதில் இல்லை. கழுவிய பிறகும் பொசுபேற்று ஒட்டியிருக்குமே, அது நிக்கலோடு சேர்ந்து ஏதாவது செய்கிறதா? தெரியவில்லை. உண்மையில் எவ்வளவு நிக்கல் ஏறியிருக்கிறது, அளந்தீர்களா? அளக்க வசதி இருக்கவில்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்தே கேட்டேன்.

எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டார். பேனையை மூடிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது மாதிரி இருந்தது. அதனால்தான் தப்பிக்க முடியவில்லை.

என் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் கேட்காவிட்டால் வெளிப் பரீட்சகர் கேட்பார். தோட்டத்துப் பிள்ளை, தோட்டத்துக் காபன், தோட்டத்து விரிவுரையாளர் என்று வரிசையாக இருந்தால், சலுகை காட்டினான் என்று சொல்ல ஆள் இருக்கிறது. அதைவிட முக்கியம், இந்தத் துறையில் தாங்கியை நம்பவே கூடாது. உலோகத்தைப் பரப்பி வைக்கும் வெறும் தட்டு என்று அதை நினைத்திருந்தவர்களை 1978இல் எக்சொன் நிறுவனத்து டோஸ்டரும் கூட்டாளிகளும் விழிக்க வைத்தார்கள். தைத்தேனியம் ஒட்சைட்டில் ஏற்றிய பிளாற்றினம் போன்ற உலோகங்களை 200 பாகையில் ஐதரசனால் தாழ்த்தினால் (ஒட்சிசனை நீக்கினால்) ஐதரசனை வழக்கம்போலப் பிடித்துக்கொள்கின்றன. 500 பாகையில் தாழ்த்தினால் ஏறக்குறைய பிடிப்பதே இல்லை. துணிக்கைகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகிவிடவும் இல்லை. தாங்கியே மெல்லிய படலமாக உலோகத்தின்மேல் ஏறி மூடுகிறது என்பது பிறகு தெரியவந்தது. தங்கத்தின் கதை இதற்கு நேர்மாறு. மந்தமான உலோகம் என்று ஒதுக்கப்பட்டிருந்ததை ஜப்பானில் ஹருத்தா என்ற ஆய்வாளர் சில நனோமீற்றர் அளவில் இரும்பு ஒட்சைட்டு போன்றவற்றில் ஏற்றியபோது, 0 பாகைக்குக் கீழேயே காபனோரொட்சைட்டை எரித்தது. அது 1980களில். அதே தங்கம் சிலிக்காவில் பொதுவாக அவ்வளவு சுறுசுறுப்பு காட்டுவதில்லை.

ஆகவே காபனைச் சந்தேகித்தது சரி. இன்றும் அதையேதான் சொல்வேன். பிறகு ஏன் தூக்கம் வரவில்லை என்றால், அலுமினாவும் ஒரு தாங்கிதானே.

அந்தப் போத்தலைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். கலவைகளைப் பிரிக்கும் குரோமற்றோகிரபி நிரலில் நிரப்ப வாங்கியது. ஊக்கிக்கென்று தயாரித்தது அல்ல. எங்களிடம் இருந்தது அதுதான். ஆனால் எத்தனை வருடம் ஈரத்தில் கிடந்தது, முன்பு யார் எதற்குத் திறந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. வெளிநாட்டுக் கம்பனி லேபல் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். மிலாற்றுக்கு லேபல் இல்லை.

கேட்டிருக்க வேண்டியவை அங்கேயும் இருந்தன. அலுமினாவின் மேற்பரப்பு ஏறத்தாழ pH 8க்குக் கீழே நேரேற்றம் (+) கொண்டது. நிக்கல் நைத்திரேற்றுக் கரைசல் அமிலத்தன்மையானது. நிக்கல் அயனும் நேரேற்றம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உலரும்போது நிக்கல் சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாகப் போகலாம். அமிலத்தில் ஊறிய காபனின் மேற்பரப்பிலோ நிக்கலைப் பிடித்துக்கொள்ளும் அணுக் கூட்டங்கள் நிறைய இருக்கும். இது ஒன்று.

மற்றது அவருடைய படங்களிலேயே இருந்தது. நைதரசனில் சுட்ட அலுமினா மாதிரியை வெள்ளைத் தாளில் கொட்டிப் படம் எடுத்திருந்தார். நிக்கல் ஒட்சைட்டு பச்சையாகவோ சாம்பலாகவோ இருக்க வேண்டும். இதில் மெல்லிய நீலச் சாயல். நிக்கலின் ஒரு பகுதி அலுமினாவுக்குள் புகுந்து, இரண்டும் சேர்ந்த நீலச் சேர்மமான அலுமினேற்றாகத் தொடங்கியிருக்கிறது. முழுமையாக அப்படி மாறிய நிக்கலை உலோகமாக்க 800 பாகைக்குப் பக்கத்தில் போக வேண்டும். அரைகுறையாகப் பிணைந்ததற்கே 400 போதாது. அப்படியென்றால் அலுமினாப் பக்கத்தில் நிக்கலின் பெரும்பகுதி உலோகமாகவே மாறாமல் உட்கார்ந்திருந்திருக்கலாம். காபன் ஜெயித்தது கைகட்டப்பட்ட எதிரியிடம்.

இங்கேதான் எனக்குக் குழம்புகிறது. நான் பாரபட்சமில்லாமல் அலுமினாவையும் அதே கண்டிப்போடு விசாரித்திருந்தால், அவருடைய முடிவு இன்னும் பலவீனமாகியிருக்கும். என் ஓரக்கண் பார்வை அவருக்கு ஒரு வகையில் நன்மைதான் செய்தது! ஆனால் அவர் கேட்டது தன் முடிவு சரியா பிழையா என்பதை அல்ல. யாரிடம் அத்தாட்சி கேட்கிறீர்கள், யாரிடம் கேட்பதில்லை என்பதை. அதற்கு அலுமினேற்று ஒரு பதிலாகாது.

தலைப்பை மாற்றினோம். "குறித்த செய்முறையின் கீழ் கூடிய தாக்க வீதம்" என்று வந்தது. அறிவியலுக்கு அது சரியான வசனம், வாசிக்கிறவருக்குக் கொட்டாவி வரும். நல்ல புள்ளி கிடைத்தது. அவர் இப்போது ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறார். நீலச் சாயலைப் பற்றித் தொலைபேசியில் சொன்னேன். சிரித்தார். "அப்ப இன்னொருக்கா ஓடவிடணும் சேர், ரெண்டுக்கும் நியாயமா" என்றார்.

நியாயமாக எப்படி ஓடவிடுவது? அலுமினாவில் பிணைந்த நிக்கலை விடுவிக்க 650 பாகை வைத்தால், நிக்கலே நகரத் தொடங்கிவிடும். அது உருகுவது 1455 பாகையில்தான். ஆனால் கெல்வின் கணக்கில் அதன் பாதி, ஏறக்குறைய 590 பாகை தாண்டினாலே துணிக்கைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கும். காபன் பக்கம் இன்னும் மோசம். அந்தச் சூட்டில் ஐதரசனும் நிக்கலும் சேர்ந்து காபனையே மெதேனாக்கித் தின்னும். 400இல் அலுமினாவுக்கு அநியாயம், 650இல் காபனுக்கு அநியாயம். இரண்டுக்கும் பொதுவான வெப்பநிலை ஒன்று இல்லை.

ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வெப்பநிலையைத் தனித்தனியாகத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டின் உச்சத்தையும் ஒப்பிடலாம். அதற்கு ஒரு மாணவரை இந்த வருடம் போட்டிருக்கிறேன். அலுமினாவிலிருந்து தொடங்கியிருக்கிறார், அதற்குக் குறிப்புகள் நிறையக் கிடைப்பதால். காபனுக்கும் அதே அளவு உலை நேரம் ஒதுக்க வேண்டும் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். நிதி செப்டெம்பரோடு முடிகிறது. இப்போதைக்கு அட்டவணையில் அலுமினாப் பக்கம் மட்டும்தான் நிரம்பியிருக்கிறது.