நான்கு குடும்பங்களுக்கு ஒரு மின்மானி: அஸ்வெசும கொடுப்பனவு எனக்குக் கிடைத்த கதை

வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசு மாதந்தோறும் பணம் கொடுக்கும் அஸ்வெசும நலன்புரித் திட்டத்துக்கு 2022 ஒக்டோபரில் விண்ணப்பித்த எனக்கு, எங்கள் குடும்பத்தின் உண்மையான நிலைக்கு ஏற்ற கொடுப்பனவு 2024 மார்ச்சில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் நான் கற்றுக்கொண்டதை, என்னைப் போலக் கொழும்பில் வாடகை அறையில் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மாருக்காக எழுதுகிறேன்.

நாங்கள் ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கணவர் புறக்கோட்டையில் நாட்டாமியாக மூட்டை சுமந்தார். கொட்டாஞ்சேனையில் பழைய வீடொன்றைப் பலகையால் தடுத்து நான்காகப் பிரித்திருந்தார்கள். அதில் ஓர் அறையில் நாங்கள் ஐந்து பேரும் இருந்தோம், இன்றும் இருக்கிறோம். 2022இல் அவருடைய முதுகுத்தண்டில் அடிபட்டுப் பாரம் தூக்க முடியாமல் போனபோது, மூத்தவளுக்குப் பதினொரு வயது, இளையவனுக்கு மூன்று. அது நாட்டில் எவருக்கும் நல்ல காலமாக இருக்கவில்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பால்மாப் பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான் வீட்டிலிருந்து சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்துக் கொடுத்துக் கிடைக்கும் காசில் அறை வாடகையும் அரிசியும் மட்டுமே சமாளிக்க முடிந்தது.

அஸ்வெசுமவுக்கு முன்பிருந்த அரச உதவித் திட்டமான சமுர்த்தி எங்களுக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை. 1995இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பெயர் இருந்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே பலர் இருந்தபோதிலும், எங்கள் வாக்காளர் பதிவு ஊரில் இருந்ததால் கொழும்பில் எங்களை எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. கொழும்பில் வாடகைக்கு இருக்கும் மலையகக் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுதான். வீட்டுக்காரர் பதிவுக்குச் சம்மதிக்கமாட்டார், ஊரிலோ நாங்கள் வசிப்பதில்லை. ஆகவே அஸ்வெசும, நலன்புரி நன்மைகள் சபையின் ஊடாகப் புதிதாக எல்லோரிடமும் விண்ணப்பம் பெறுகிறது என்று தெரிந்தவுடன், இம்முறையாவது எங்கள் பெயர் ஏறவேண்டும் என்று நான் உறுதியாக இருந்தேன்.

விண்ணப்பப்படிவம் தமிழிலும் இருந்தது. எங்கள் அடையாள அட்டை இலக்கங்கள், பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், வருமானம், வீட்டின் தன்மை என்று அது கேட்டவற்றை நிரப்புவது கடினமாக இருக்கவில்லை. சிக்கல் இரண்டு இடங்களில் வந்தது. ஒன்று, என் அடையாள அட்டையில் இருந்த பெயரும் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிகளில் தாயின் பெயராக எழுதப்பட்டிருந்ததும் ஓர் எழுத்தில் வேறுபட்டிருந்தன. சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்ததும் அது தீர்ந்தது. அதற்காக நான் ஒரு நாள் தையல் வேலையை இழந்தேன், அவ்வளவுதான். மற்றையது மின்சாரக் கணக்கு இலக்கம். படிவத்தில் அதற்கான இடத்தைப் பார்த்தபோது அதன் கனம் எனக்கு விளங்கவில்லை. எங்களுக்கென்று மின்மானி இல்லை என்பதால், வீட்டுக்காரரின் மின்கட்டணப் பட்டியலில் இருந்த இலக்கத்தையே எழுதிவிட்டேன்.

தெரிவு எப்படி நடக்கிறது என்பதை நான் அப்போதே அறிந்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டேன். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டின் நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்துக்குப் புள்ளி இடுகிறார்கள். மாதாந்த மின்பாவனையும் அந்தக் குறிகாட்டிகளில் ஒன்று. புள்ளியின்படி மிகவும் வறியவர், வறியவர், பாதிக்கப்படக்கூடியவர், இடைநிலையினர் என்று நான்கு வகுப்புகள். தொடக்கத்தில் இவை முறையே மாதம் 15,000, 8,500, 5,000, 2,500 ரூபா பெற்றன. முதல் இரண்டு வகுப்புகளுக்கு மூன்று ஆண்டுகள் கொடுப்பனவு உண்டு என்றும், இடைநிலையினருக்கு 2023 டிசம்பர் 31 வரை மட்டுமே என்றும் முதல் அறிவிப்பில் இருந்தது. ஆகவே எந்த வகுப்பில் விழுகிறோம் என்பதில் தொகை மட்டுமல்ல, எத்தனை மாதம் என்பதும் அடங்கியிருக்கிறது.

2023 தொடக்கத்தில் ஓர் இளைஞர் கையடக்கக் கருவியோடு தகவல் சேகரிக்க வந்தார். நல்ல பிள்ளை, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தரையில் எங்களோடு உட்கார்ந்துதான் கேட்டார். ஆனால் அவர் பேசியது சிங்களம். சந்தையில் பேரம் பேசுமளவுக்கு எனக்குச் சிங்களம் வரும். தரைப்பரப்பு, மின்பாவனை, கூட்டுக் குடியிருப்பு என்பவற்றைச் சிங்களத்தில் நான் கேட்டதே இல்லை. அவர் வாசித்துக் காட்டியவற்றுக்கெல்லாம் ‘ஓம்’ என்று தலையசைத்தேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் கேட்டிருக்கவேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாவது திருத்தம் சொல்கிறது. எனக்கு விளங்கும் மொழியில் கேட்பது சலுகை கேட்பதாகாது என்பதை அன்று நான் உணரவில்லை. பக்கத்து அறை அக்கா நன்றாகச் சிங்களம் பேசுவார். அவரைக் கூப்பிட்டிருந்தாலே பல மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

யூன் மாதம் பட்டியல் வெளியானபோது எங்கள் பெயர் இடைநிலை வகுப்பில் இருந்தது. மாதம் 2,500 ரூபா. வேலைக்குப் போகமுடியாத கணவரும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒரு வீடு எப்படி அந்த வகுப்பில் வந்தது என்று இரவு முழுவதும் நான் அழுதேன். மறுநாள் பிரதேச செயலகத்துக்குப் போனேன். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் என்னைப் போல மேன்முறையீட்டுக்கு வந்தவர்கள். பட்டியலில் இருக்கும் ஒருவர் தகுதியற்றவர் என்று வேறொருவர் ஆட்சேபனை தெரிவிக்கவும் வழி இருந்தது. ஆனால் அண்டை வீட்டாரைப் பற்றி முறையிட வந்தவர் எவரையும் அந்த வரிசையில் நான் காணவில்லை. எல்லோரும் தங்கள் சொந்தக் கணக்கைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அமர்ந்திருந்த அலுவலர் என் கோப்பைத் திறக்காமலே, “வந்தது வந்ததுதான், கணினி போட்ட புள்ளி” என்றார். இன்னொரு மேசையில் இருந்த தமிழ் பேசும் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்னை அழைத்தார்.

“தங்கச்சி, உங்கட வீட்டு மின்பாவனை இவ்வளவு கூடவா இருக்கு? குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கிற இயந்திரம் ஏதும் இருக்கா?”

“ஒன்றுமே இல்லை மிஸ். இரண்டு குமிழ், ஒரு மின்விசிறி, என்னுடைய தையல் இயந்திரம், அவ்வளவுதான்.”

அப்போதுதான் பிழை வெளிச்சத்துக்கு வந்தது. நான் கொடுத்த இலக்கம் முழு வீட்டுக்கும் உரியது. நான்கு குடும்பங்களும், கீழ்த்தளத்தில் வீட்டுக்காரரின் சொந்தக் குளிர்சாதனப் பெட்டியும் எரித்த மின்சாரம் அத்தனையும் எங்கள் ஒரு குடும்பத்தின் பெயரில் பதிவாகியிருந்தது. தரைப்பரப்பும் அப்படியே: எங்கள் அறைக்குப் பதிலாக முழு வீடும். ஒரு பானையில் சமைத்து உண்பவர்களே ஒரு குடும்பம் என்று அவர் எனக்கு விளக்கியபோது, நாங்கள் நான்கு பானைகளுக்கு ஒரு கூரையின் கீழ் இருப்பவர்கள் என்பதை எங்கும் யாரும் எழுதவில்லை என்பது எனக்குத் தெளிவானது.

மேன்முறையீட்டை அந்த உத்தியோகத்தர் இருந்தபடியே இணையத்தில் பதிந்து, என்னென்ன இணைக்கவேண்டும் என்பதைத் துண்டுத்தாளில் எழுதித் தந்தார். கணவரின் வைத்திய அறிக்கையும் மூத்த இரண்டு பிள்ளைகளின் பாடசாலைக் கடிதங்களும் ஒரே நாளில் கிடைத்தன. வீட்டுக்காரரின் கடிதம்தான் பெரும்பாடு. நான்கு குடும்பங்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருப்பதாக எழுத்தில் தந்தால், ஆதன வரியிலோ வேறெதிலோ தமக்கு வில்லங்கம் வரும் என்று அவர் அஞ்சினார். மூன்று முறை கேட்டும் தரவில்லை. நான் கோபப்படவில்லை, அவரும் அந்த வாடகையை நம்பியே இருந்தார். கடைசியில் நாங்கள் நான்கு குடும்பத்துப் பெண்களும் ஒன்றாகக் கிராம உத்தியோகத்தரிடம் போய், அவர் நேரில் வந்து பார்த்து உறுதிப்படுத்தும்படி கேட்டோம். இதை நான் முதலிலேயே செய்திருக்கவேண்டும். அவர் ஒரு பொதுமக்கள் தினத்துக்கு அடுத்த நாள் வந்து, தடுப்புப் பலகைகளையும் நான்கு அடுப்புகளையும் பார்த்து, அந்த முகவரியில் நான்கு தனித்தனிக் குடும்பங்கள் ஒரே மின்மானியைப் பகிர்ந்து வாழ்கின்றன என்று கடிதம் எழுதினார். நாலு வரிகள்தான். எங்கள் நால்வருக்கும் தேவைப்பட்டது அதுதான்.

பட்டியலில் இருந்தபடியே 2,500 ரூபாவைப் பெறுவதற்கும் வங்கிக் கணக்கு தேவைப்பட்டது. பிரதேச செயலகம் தந்த கடிதத்தோடு இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி ஆகியவற்றில் ஒன்றில் திறக்கலாம் என்றார்கள். நான் என் பெயரில் திறந்தேன். கணவர், “உன் கையில் இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்” என்று சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். மேன்முறையீடு செய்தால் கையில் வருவதையும் நிறுத்திவிடுவார்கள் என்று ஒழுங்கையில் பரவிய பேச்சை நம்பிப் பலர் பேசாமல் இருந்துவிட்டார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. 2,500 ரூபாவும் வந்தது, மேன்முறையீடும் நடந்தது.

ஆண்டு இறுதியில் மேன்முறையீட்டை ஆராய இரண்டு உத்தியோகத்தர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இம்முறை பக்கத்து அறை அக்கா என் அருகில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொன்னார். அறையின் நீள அகலத்தை நானே அவர்கள் முன் அளந்து காட்டினேன். தையல் இயந்திரத்தை மறைக்கும்படி ஒருவர் ஆலோசனை சொல்லியிருந்தார்; நான் மறைக்கவில்லை. அது பழைய கால் இயந்திரத்தில் மோட்டார் பூட்டியது, அதைக் கொண்டுதான் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். உத்தியோகத்தர் குறித்துக்கொண்டார், வேறொன்றும் கேட்கவில்லை. மறைத்திருந்தால் அடுத்த முறை என் சொல்லுக்கு மதிப்பிருக்காது என்று நான் நினைக்கிறேன்.

2024 மார்ச்சில் கணக்குப் புத்தகத்தைப் பதியக் கொடுத்தபோது 8,500 ரூபா விழுந்திருந்தது. நாங்கள் ‘வறியவர்’ வகுப்புக்கு மாற்றப்பட்டிருந்தோம். அந்தச் சொல்லை வாசித்து மகிழ்ச்சியடைவேன் என்று நான் வாழ்க்கையில் நினைத்ததில்லை. ஆனால் அன்று வங்கி வாசலிலேயே நின்று கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் மாதம் இளையவனின் பால்மாவும் மூத்தவளின் சப்பாத்தும் வாங்கினோம். 2025 ஜனவரியிலிருந்து எங்கள் வகுப்பின் தொகை 10,000 ஆகவும் மிகவும் வறியவர்களின் தொகை 17,500 ஆகவும் உயர்ந்தன. அதே ஆண்டு தொடக்கத்தில் பாடசாலைப் பிள்ளைகளின் உபகரணங்களுக்கென ஒரு பிள்ளைக்கு 6,000 ரூபா தரப்பட்டபோது, படிக்கும் பிள்ளைகளின் பெயர்கள் எங்கள் கோப்பில் சரியாக இருந்ததால் நான் எங்கும் அலைய நேரவில்லை.

அந்த வீட்டில் மற்ற மூன்று குடும்பங்களில் இரண்டுக்கு வகுப்பு மாறியது. மூன்றாவது, கணவனை இழந்த ஒரு தங்கச்சியுடையது. அவள் உரிய நாளுக்குள் மேன்முறையீடு செய்யவில்லை. 2024இல் இரண்டாம் கட்ட விண்ணப்பம் கோரப்பட்டபோது நானே அவளோடு போனேன். மின்சாரக் கணக்கு இலக்கம் கேட்கும் இடத்தில் வெறும் இலக்கத்தோடு நிறுத்தாமல், கிராம உத்தியோகத்தரின் கடிதப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்தோம். வீட்டுக்காரரும் இப்போது மாறிவிட்டார். ஒவ்வொரு மாதமும் மின்கட்டணப் பட்டியல் வந்ததும் நால்வரின் பங்கையும் ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பம் வைக்கிறார். அந்தக் கொப்பி என் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில், பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிகளோடு இருக்கிறது.