கடைக்காரர் பேசுகிற சிங்களம்

தொலைக்காட்சி நாடகத்தில் துணைப் பாத்திரம் செய்கிறவனுக்கு உடுப்பு பெரும்பாலும் அவன் வீட்டிலிருந்துதான் போகும். என் பையில் எப்போதும் இரண்டு சாரம், ஒரு வேட்டி, ஒரு வெள்ளைச் சட்டை இருக்கும். ஒரு காட்சியின் பாதியை இன்றைக்கும் மீதியை மூன்று வாரம் கழித்தும் எடுப்பார்கள். அதே சட்டை, அதே கசங்கலோடு வேண்டும். காலை ஆறு மணிக்கு வரச் சொல்வார்கள், நம் வசனம் வர இரவாகிவிடும். சம்பளம் படப்பிடிப்பு நாளுக்கு மட்டும். நாடகம் இல்லாத மாதங்களில் சிங்கள விளம்பரங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்துத்தான் வாடகை கட்டினேன்.

இதெல்லாம் பழகிவிட்டது. நான் இன்னும் மல்லுக்கட்டுவது பேச்சோடுதான்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்தவன், குடும்பம் மலையகத்தில் ஹட்டன் பக்கம். இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோது நான் பள்ளிக்கூடப் பையன். 1994இல் எனக்குக் கிடைத்த முதல் வேடம் யாழ்ப்பாணத்துத் தபால்காரர். வானொலி நாடகங்களில் ஊறிய ஒரு மூத்த நடிகர் என்னைப் பக்கத்தில் இருத்தி, "'வர்றேன்' இல்லைத் தம்பி, 'வாறன்'. இனி எத்தினை வீட்டுக்குப் போகவேணும் எண்டு யோசிச்சுக்கொண்டு சொல்லு" என்றார். அன்றிலிருந்து வெள்ளவத்தைச் சந்தையிலும் காலி வீதி பஸ்களிலும் அடுத்தவர் பேச்சைக் கேட்பதே என் வேலையாகிவிட்டது.

அப்புறம் சிங்கள நாடகங்கள் வந்தன. எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கடைக்காரர், சமையற்காரர். ஒரு இயக்குநர், சிங்களத்தைக் கொஞ்சம் உடைத்துப் பேசச் சொன்னார், அப்போதுதான் தமிழன் என்று தெரியுமாம். நான் சரளமாகச் சிங்களம் பேசுகிறவன். ஆனாலும் வாய்ப்புப் போய்விடும் என்ற பயத்தில் உடைத்துப் பேசினேன். ஒளிபரப்பான இரவு அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். செட்டியார் தெரு நகைக்கடையில் நாற்பது வருடம் சிங்கள வாடிக்கையாளர்களோடு பேசியவர். "ஏம்பா அப்புடிப் பேசுன?" என்று மட்டும் கேட்டார். என்னால் வாய் திறக்க முடியவில்லை.

அடுத்த கடைக்காரர் வேடத்தில், ஒத்திகைக்கு முன்பே வேறொரு இயக்குநரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அப்பாவின் சிங்களம் அப்படி உடைந்திருந்தால் கடை ஓடியிருக்குமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, உங்கள் அப்பா மாதிரியே செய்யுங்கள்" என்றார். நல்ல சிங்களத்தில் பேசினேன். காசு எண்ணும்போது மட்டும் தமிழில் முணுமுணுத்தேன். அப்பா அப்படித்தான் எண்ணுவார். இயக்குநர் அதை வெட்டவில்லை.

அடுத்த வாரம் மன்னார் மீனவர் வேடம், நான்கு வசனம். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் வாயில் நிற்கவில்லை. மன்னாரின் பேசாலையைச் சேர்ந்த ஒருவர் சந்தையில் மீன் விற்கிறார். இரண்டு நாளாகக் காலையில் அவரிடம் போய் நிற்கிறேன். இன்றைக்குப் பாரை வாங்கினேன். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்.