ஓவன் துப்பாக்கியும் தோட்டா ஏறும் வழியும்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 4, சனி

வீட்டுப் பட்டறையில் ஒருவர் தனியாக உருவாக்கிய துப்பாக்கி, பின்னாளில் ஒரு நாட்டின் படைவீரர்களே விரும்பிக் கேட்டு வாங்கிய ஆயுதமாக மாறியது என்றால், ஆஸ்திரேலியாவின் ஓவன் துப்பாக்கியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சிட்னிக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள வொலங்காங் நகரைச் சேர்ந்த எவலின் ஓவன், தாம் செய்த .22 (அங்குல அளவில்) தோட்டா இயந்திரத் துப்பாக்கியை 1939 ஜூலையில், தமது 24ஆம் வயதில், சிட்னியின் விக்டோரியா பாரக்ஸ் ராணுவ வளாகத்துக்கு எடுத்துச் சென்று காட்டினார். அங்கிருந்த அதிகாரிகள், இப்படிப்பட்ட ஆயுதம் ராணுவத்துக்குத் தேவையில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கதையின் மற்ற பகுதிகளைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். என் கவனம் ஒரே இடத்தில் நிற்கிறது: தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் என்ற பெட்டியிலிருந்து ஒரு தோட்டா குழலின் பின்வாய்க்குப் போய்ச் சேரும் அந்தச் சிறிய பாதை. பொட்டலம் கட்டும் இயந்திரங்களைப் பராமரிப்பது என் தொழில். அவற்றில் பெரும்பாலான தகராறு பொருள் உள்ளே நுழையும் இடத்தில்தான் வரும். வெட்டும் இடத்திலோ ஒட்டும் இடத்திலோ அவ்வளவாக வருவதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சிறு இயந்திரத் துப்பாக்கிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, அங்கும் இதே கதைதான் என்பது தெளிவாகிறது. துப்பாக்கி செய்யும் முறை இந்தக் குறிப்புகளின் பொருள் அல்ல. உரிமம் இல்லாமல் அதைச் செய்வது இங்கே ஆஸ்திரேலியாவிலும் குற்றம், இந்தியாவிலும் குற்றம். ஒரு பழுது ஏன் வந்தது, அதை யார் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை மட்டும் எழுதிவைக்க விரும்புகிறேன்.

மார்ச் 5, ஞாயிறு

ஓவனின் முதல் மாதிரியில், வேடிக்கைபோலத் தோன்றினாலும், தோட்டா ஏறும் சிக்கலே இல்லை. ரிவால்வரில் இருப்பதைப் போன்ற பெரிய சுழல் வளையம் ஒன்றே தோட்டாக்களைச் சுமக்கும் மேகசினாகவும் அவை வெடிக்கும் அறையாகவும் இருந்தது. தோட்டா தன் இடத்தை விட்டு நகரவே வேண்டியதில்லை, வளையம்தான் நகரும். விசையைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். தோட்டாக்களின் எண்ணிக்கை வளையத்தின் அளவோடு நின்றுவிடும் என்பதால், போர்க்களத்துக்கு அந்த ஏற்பாடு போதாது. பிரித்து மாட்டக்கூடிய மேகசினுக்கு மாறிய அன்றுதான் உண்மையான தொல்லை தொடங்குகிறது, ஏனென்றால் அப்போதுதான் தோட்டா ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது.

மார்ச் 11, சனி

இன்று முழுவதும் பிரிட்டனின் ஸ்டென் துப்பாக்கியோடு கழிந்தது. ஓவனைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அது எதனோடு போட்டியிட்டது என்பதை முதலில் பார்த்தாக வேண்டும்.

பிரான்ஸின் டன்கிர்க் துறைமுகத்திலிருந்து பின்வாங்கிய பிறகு பிரிட்டனுக்கு அவசரமாக ஆயுதம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் தாம்சன் துப்பாக்கி விலை மிக அதிகம். ஆகவே 1941இல், ரெஜினால்ட் ஷெப்பர்ட், ஹரால்ட் டர்பின் என்ற இருவரும் என்ஃபீல்டில் வடிவமைத்த மலிவான, எளிய துப்பாக்கிதான் ஸ்டென். இருவரின் முதலெழுத்துகளும் என்ஃபீல்டின் முதல் இரண்டு எழுத்துகளும் சேர்ந்து அந்தப் பெயர் ஆனது. எல்லா வகைகளும் சேர்ந்து 40 லட்சத்துக்கு மேல் உற்பத்தியாயின. குறைந்த விலையில், சாதாரணப் பட்டறைகளிலும் உதிரிபாகங்கள் செய்யக்கூடிய விதத்தில் அதை வடிவமைத்தது பெரிய சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மேகசினை மட்டும் அவர்கள் புதிதாக யோசிக்கவில்லை. ஜெர்மனியின் எம்பி 28 துப்பாக்கியிலிருந்து பிரிட்டனின் லான்செஸ்டர் துப்பாக்கிக்கு வந்து, அங்கிருந்து ஸ்டென்னுக்கு இறங்கிய மேகசின் அது. வந்த குறையும் அதோடு சேர்ந்தே வந்தது.

குறை இதுதான். மேகசினுக்குள் 32 தோட்டாக்கள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஆனால் வாய்ப்பகுதியில் அந்த இரண்டு வரிசையும் நெருங்கி ஒன்றாகி, ஒவ்வொரு தோட்டாவும் நடுவிலிருந்தே வெளியே வர வேண்டும். இரண்டு வரிசை ஒன்றாகக் குறுகும் அந்தக் கழுத்தில் தோட்டாக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, தகட்டின் பக்கங்களிலும் உராய்கின்றன. ஒரு சிட்டிகை மணலோ காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கோ அங்கே சேர்ந்தால், அடியிலிருக்கும் ஸ்பிரிங் எவ்வளவு வலுவாகத் தள்ளினாலும், தோட்டாவை அறைக்குள் தள்ளும் உலோகப் பாகமான போல்ட் முன்னால் பாயும் அந்த நொடிக்குள் அடுத்த தோட்டா மேலே வந்து நிற்பதில்லை. வராவிட்டால் போல்ட் வெறும் அறையில் மோதும். பாதி வந்தால் தோட்டா கோணலாக நின்று சிக்கிக்கொள்ளும். தாம்சன் மேகசினில் தோட்டாக்கள் இடமும் வலமுமாக மாறிமாறி வெளியே வருவதால் இந்த நெருக்கடி குறைவு.

இரண்டாவது குறை, தோட்டாவைப் பிடித்து வைக்கும் மேல்விளிம்புகள். அவை மெல்லிய தகட்டின் மடிப்புகள்தான். தோட்டா எந்தக் கோணத்தில் அறைக்குள் நுழைய வேண்டும் என்பதை அந்த மடிப்புகளே தீர்மானிக்கின்றன. மேகசின் கையிலிருந்து தவறிக் கல்லில் விழுந்தாலோ மூட்டைக்குள் மற்றவற்றோடு இடிபட்டாலோ மடிப்பு சற்றே விரியும் அல்லது நெளியும். கண்ணுக்குத் தெரியாத அந்த நெளிவு போதும், துப்பாக்கி தகராறு செய்ய. ஸ்டென்னில் மேகசின் இடப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். வீரர்கள் அதையே கைப்பிடியாகப் பிடித்துச் சுடுவார்கள். அதன் எடையும் பிடிக்கும் கையின் அழுத்தமும் மேகசினைத் தாங்கும் கொண்டியை நாளடைவில் தேய்த்துத் தளர்த்திவிடும். தளர்ந்தால் மேகசின் ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் தோட்டாவின் மூக்கு அறையின் வாய்க்கு நேராக இருக்காது. இதையெல்லாம் அனுபவத்தில் கண்ட வீரர்கள், 32 கொள்ளும் மேகசினில் 28 அல்லது 30 மட்டுமே போட்டு, ஸ்பிரிங்கின் சுமையைக் குறைத்துக்கொண்டார்கள். வடிவமைப்பு விட்டுவைத்த குறையைப் பயன்படுத்துபவர் தம் பழக்கத்தால் சரிக்கட்டிக்கொள்வது எந்த இயந்திரத்திலும் நடக்கும். ஆனால் உயிரே பணயமாக உள்ள இடத்தில் அந்தச் சுமையை வீரர் தலையில் ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

பிராகா, 1942 மே 27. நாஜி ஜெர்மனியின் உயர் அதிகாரி ரெய்ன்ஹார்ட் ஹெய்ட்ரிச்சின் திறந்த கார் வளைவில் வேகம் குறைந்தபோது, அவரைக் கொல்ல வந்த செக்கோஸ்லோவாக்கிய வீரர் யோசெஃப் கப்சிக் நேர் எதிரே நின்று ஸ்டென்னின் விசையை அழுத்தினார்; துப்பாக்கி சுடவில்லை. உடனிருந்த யான் குபிஷ் எறிந்த குண்டின் காயத்தால்தான் ஹெய்ட்ரிச் ஜூன் 4 அன்று இறந்தார். ஸ்டென் ஏன் சுடவில்லை என்பதற்குப் பலர் பல காரணம் சொல்கிறார்கள். தோட்டா ஏறாததே காரணம் என்று நான் உறுதியாக எழுதமாட்டேன். கையில் இருந்த ஆயுதத்தின் மீது ஒரு மனிதர் வைத்த முழு நம்பிக்கை அந்த ஒரு நொடியில் பொய்த்தது என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன்.

மார்ச் 19, ஞாயிறு

சிட்னியிலிருந்து மலையேறி மேற்கே லித்கோ சென்றேன். பழைய ஆயுதத் தொழிற்சாலையின் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. தன்னார்வலராகப் பணிபுரியும் முதியவர் ஒருவர், நான் துப்பாக்கியைவிட மேகசினையே உற்றுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, ஓவனின் காலி மேகசின் ஒன்றை எடுத்துக் காட்டினார். மேல்விளிம்பில் ஒரு பக்கம் பூச்சு தேய்ந்து, வெண்மையான உலோகம் கோடாகத் தெரிந்தது. எத்தனை ஆயிரம் முறை தோட்டா அங்கே உரசிச் சென்றிருக்கும்! கட்டைவிரலால் உள்தகட்டை அழுத்தினேன். ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளிய விதத்தில், அதை முழுவதும் நிரப்ப வீரர் விரல் எவ்வளவு நோக வேண்டியிருந்திருக்கும் என்பது புரிந்தது. அவர் அடுத்துக் காட்டியது என்னை வியக்கவைத்தது. சுட்டு முடித்த வெற்றுக் கூட்டைத் தட்டி வெளியேற்றும் சிறு தகட்டுப் பாகம் ஓவனில் துப்பாக்கியின் உடலில் இல்லை, மேகசினிலேயே இருக்கிறது. உடலில் ஒரு பாகம் குறைகிறது. அது தேய்ந்தாலோ வளைந்தாலோ மேகசினை மாற்றினால் போதும்.

மார்ச் 20, திங்கள்

தோட்டாவைப் பற்றி இன்று சிறிது. 1940இல் ஓவன் ராணுவத்தில் சேர்ந்து வெளிநாடு செல்லத் தயாரானபோது, தம் துப்பாக்கியை ஒரு சர்க்கரைச் சாக்கில் போட்டு விட்டுச் சென்றார். பக்கத்துக் குடியிருப்பில் வசித்த வின்சென்ட் வார்டெல் அதைக் கண்டார். போர்ட் கெம்ப்ளாவில் உள்ள லைசாட் எஃகுத் தொழிற்சாலையின் மேலாளர் அவர். பார்த்த உடனேயே அதன் மதிப்பு அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் லைசாட் தொழிற்சாலை .32, .45, .38 என்று வெவ்வேறு தோட்டாக்களுக்கு மாதிரிகளைச் செய்து பார்த்து, கடைசியில் 9 மில்லிமீட்டருக்கு வந்து நின்றது.

தோட்டாவை மாற்றுவது குழலை மாற்றுவது போல எளிதல்ல. .38 என்பது ரிவால்வர் தோட்டா. அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. ரிவால்வரில் அந்த விளிம்புதான் தோட்டாவை அதன் துளையில் நிறுத்தி வைக்கிறது. அதே தோட்டாக்களை மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, மேலுள்ளதன் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருந்தாக வேண்டும். பின்னால் போய்விட்டால், போல்ட் தள்ளும்போது இரண்டும் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு நகராது. 9 மில்லிமீட்டர் தோட்டாவில் வெளியே நீட்டிய விளிம்பு இல்லை. உடலும் முன்பக்கம் சற்றே கூம்பிச் செல்வதால் அறைக்குள் வழுக்கி நுழைகிறது. ஒரே துப்பாக்கியை இத்தனை தோட்டாக்களுக்கு மாற்றிச் செய்து காட்ட வேண்டியிருந்தது லைசாட் ஊழியர்களுக்குக் கடும் சோதனைதான். ஆனால் ஏற்றும் பாதையை அவர்கள் திரும்பத் திரும்ப ஆராய வேண்டி வந்ததும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 26, ஞாயிறு

இதுவரை எழுதிய எல்லாவற்றுக்கும் ஓவன் தரும் விடை, மேகசின் எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. ஓவனில் 33 தோட்டாக்கள் கொண்ட மேகசின் துப்பாக்கியின் மேலே செங்குத்தாக நிற்கிறது. ஸ்பிரிங் தோட்டாவை மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ தள்ள வேண்டியதில்லை. கீழ்நோக்கித்தான் தள்ளுகிறது, புவியீர்ப்பும் அதற்குத் துணைநிற்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த நாளிலும், தூசி சற்றே சேர்ந்த நாளிலும், அந்தச் சிறு துணை தோட்டா ஏறுவதற்கும் ஏறாமல் நிற்பதற்கும் இடையிலான வேறுபாடாகிவிடும். வெற்றுக் கூடுகள் அடிப்பக்கத் திறப்பின் வழியே கீழே விழுகின்றன. உள்ளே புகுந்த மணலும் சேறும் அதே வழியில் வெளியேறுகின்றன. அழுக்கு போகும் திசையும் தோட்டா போகும் திசையும் ஒன்றாகவே இருப்பதை யோசித்தவர் யாரானாலும் அவரை வணங்க வேண்டும்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும் கைப்பிடிக்கான நீளத்துளை, சேறு நுழைய ஏற்ற வழி. ஓவனில் அந்தக் கைப்பிடிப் பகுதிக்கும் போல்ட் ஓடும் பகுதிக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. துளை வழியாக நுழையும் அழுக்கு அந்தத் தடுப்பைத் தாண்டி, போல்ட் ஓடும் பகுதிக்குள் போக முடியாது.

1941இல் ஓவனையும் தாம்சனையும் ஸ்டென்னையும் சேற்றில் முக்கி, மணலால் மூடி, பிறகு சுட்டுப் பார்த்த சோதனையில் ஓவன் மட்டுமே தொடர்ந்து இயங்கியது. மேசைமேல் துடைத்து வைத்த மூன்று துப்பாக்கிகளைப் பார்ப்பவருக்கு இந்த முடிவு கிடைத்திருக்காது. சேற்றில் முக்கச் சொன்ன அந்தச் சோதனை முறையே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஏப்ரல் 1, சனி

எவலின் ஓவன் இறந்தது 1949இல், இதே நாளில். அவருக்கு 34 வயதுகூட நிறையவில்லை.

ஓவனுக்கும் குறைகள் உண்டு. எழுதாமல் விடுவது சரியல்ல. காலியாக இருக்கும்போதே 4 கிலோவுக்கு மேல் எடை. ஸ்டென் ஏறக்குறைய 3 கிலோதான். மேலே நிற்கும் மேகசின் பார்வையை மறைப்பதால், குறிபார்க்கும் பாகங்களை வலப்பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. தொலைவில் இருக்கும் இலக்குக்கு அது வசதியானதல்ல. ஆனால் தரையில் படுத்துச் சுடுபவருக்கு, மேகசின் மண்ணில் முட்டாமல் இருப்பது பெரிய நன்மை. நியூ கினியாவின் மழைக்காட்டில், சில கெஜ தூரத்தில் எதிரி தென்படும் இடத்தில், குறிபார்க்கும் வசதியைவிடத் தோட்டா தவறாமல் ஏறுவதுதான் வீரருக்கு வேண்டியிருந்தது. ஏறக்குறைய 45,000 ஓவன்கள் உற்பத்தியாயின. ஆஸ்திரேலியாவே ஸ்டென்னைத் தழுவி ஆஸ்டென் என்ற துப்பாக்கியையும் செய்தது. வீரர்கள் ஓவனைத்தான் விரும்பினார்கள். மலேயாவிலும் கொரியாவிலும் வியட்நாமிலும் அது தொடர்ந்து பயன்பட்டது.

பிரிட்டனும் ஸ்டென்னின் குறையைக் கடைசியில் சரிசெய்தது. ஸ்டெர்லிங் துப்பாக்கியின் வளைந்த மேகசினில் 34 தோட்டாக்கள் இரண்டு வரிசையாகவே வாய்வரை வந்து, இடமும் வலமுமாக மாறிமாறி வெளியேறுகின்றன. அவற்றைத் தள்ளும் பாகத்தில் உருளைகள் இருப்பதால் உராய்வும் குறைகிறது. இந்தியக் காவலர்கள் தோளில் தொங்கவிட்டுப் பல பத்தாண்டுகள் நாம் பார்த்த 9 மில்லிமீட்டர் கார்பைன் அந்த ஸ்டெர்லிங் வழி வந்ததுதான். 1960களில் ஓவனுக்கு மாற்றாக லித்கோவில் எஃப்1 துப்பாக்கியைச் செய்தபோது, ஆஸ்திரேலியர்கள் ஸ்டெர்லிங்கின் வளைந்த மேகசினை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதைப் பக்கவாட்டில் மாட்டவில்லை. ஓவனில் இருந்ததைப் போலவே துப்பாக்கியின் தலைமேல் நிறுத்தினார்கள்.