முத்துமண்டபத்துக்குப் போகுமுன்: கண்டி மன்னர் வேலூருக்கு வந்த கதையைச் சரியாகப் படிப்பது எப்படி

வேலூர் வருகிறவர்கள் கோட்டையைச் சுற்றிவிட்டு நேராகத் தங்கக் கோயிலுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஊருக்கு வடக்கே பாலாற்றங்கரையில், முத்துமண்டபத்தில், இலங்கையின் கடைசி மன்னரான கண்டி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் புதைக்கப்பட்டிருக்கிறார் என்பது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே சரிவரத் தெரியாது. போகிறவர்களும் தேதிகளைக் குழப்பிக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தக் குழப்பம் தீர வேண்டும்.

அதிகம் காதில் விழும் தவறு ஒன்று உண்டு: திப்பு குடும்பமும் கண்டி மன்னரும் கோட்டையில் ஒன்றாகச் சிறையிருந்தார்கள், 1806 புரட்சியில் மன்னருக்கும் பங்கு உண்டு என்பது. நடக்க வழியே இல்லை. திப்புவின் பிள்ளைகள் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்டி மன்னர் வந்தது 1816இல். அகழி, பட்டாளம், அரச குடும்பத்தைக் காவலில் வைத்துப் பழகிய மகால்கள் எல்லாம் அதற்குள் தயாராகவே இருந்தன. வேலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. திப்பு மகால், ஐதர் மகால் வரிசையில் கண்டி மகால் என்ற பெயரும் கோட்டைக்குள் நிலைத்துவிட்டது.

பெயரிலும் கவனம் வேண்டும். ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் என்பது முடிசூட்டுப் பெயர், இயற்பெயர் கண்ணுசாமி. கண்டி அரசர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுப்பது வழக்கம். வாரிசு இல்லாமல் போகவே, 1739இல் பட்டத்தரசியின் சகோதரரே அரசரானார். அந்த வழியில் 1798இல் அரியணை ஏறியவர் இவர். நாயக்கர்களின் தாய்மொழி தெலுங்கு. ஆட்சி செய்தது சிங்களக் குடிகளை. காத்தது புத்தரின் புனிதப் பல்லை. ஆகவே ‘தமிழ் மன்னன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் பாதி வரலாறு கைநழுவிவிடும்.

இதே மன்னர் 1803இல் ஆங்கிலேயரைத் தோற்கடித்தவர். அவர்கள் கண்டிக்குள் புகுந்து முத்துசாமி என்ற போட்டியாளரை அரியணையில் உட்காரவைத்தார்கள். மலைநாட்டுக் காய்ச்சலும் பசியும் பட்டாளத்தை உருக்குலைத்தன. மேஜர் டேவியின் படை சரணடைந்து அழிந்தது, முத்துசாமி கொல்லப்பட்டார். 1815இல் அப்படிப் போரே நடக்கவில்லை, அரண்மனை உள்ளேயே பிளந்துகிடந்தது. கண்டி ஏரி வெட்டக் குடிகளை வாட்டியதும், ஆங்கிலேயரிடம் ஓடிய எகலப்பொல என்ற தலைமை அமைச்சரின் மனைவி மக்களைக் கொன்றதும் மன்னர் செய்த குற்றங்கள்தான். சமாதிக்கு முன் நிற்பதற்காக அவற்றை மறைக்க வேண்டியதில்லை.

1815 பிப்ரவரி 18இல் மெதமகாநுவர அருகே பிடிபட்டார். மார்ச் 2இல் ஆங்கிலேயருக்கும் கண்டித் தலைவர்களுக்கும் இடையே கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. முத்துமண்டபம் போகுமுன் அதன் இரண்டாம், மூன்றாம் பிரிவுகளை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். மன்னரையும் அவர் வழிவந்தவர்களையும் அரியணையிலிருந்து என்றென்றைக்கும் விலக்கிவைக்கிறது இரண்டாவது. மூன்றாவதுதான் கனமானது. மன்னரின் ஆண் உறவினர் எல்லாரும் பகைவர்கள், எழுத்து அனுமதி இல்லாமல் கண்டிப் பகுதிக்குள் கால்வைக்கக் கூடாது. வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்களும் (தென்னிந்திய வழிவந்தவர்களை ஆங்கிலேயர் அப்படி அழைத்தார்கள்) அனுமதியின்றித் திரும்பக் கூடாது. மன்னரோடு நில்லாமல் ஒரு சமூகத்துக்கே ‘அந்நியர்’ என்று சட்டத்தில் முத்திரை குத்தியது அந்தப் பத்தி.

ஆனால் அந்த முத்திரையைக் குடிகள் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1817இல் கண்டி நாட்டின் ஊவா பகுதியில் கிளர்ச்சி வெடித்தபோது, நாயக்க வம்சத்து துரைசாமி என்று சொல்லிக்கொண்ட ஒருவரையே அவர்கள் அரசராக முன்னிறுத்தினார்கள். உண்மையில் அவர் நாயக்கர் இல்லை. அந்தப் பெயருக்கு அப்போதும் அவ்வளவு மதிப்பு இருந்தது! மன்னரைக் காட்டிக்கொடுத்த எகலப்பொலவும் தப்பவில்லை. மொரீசியசுக்கு நாடு கடத்தப்பட்டு 1829இல் அங்கேயே இறந்தார்.

1816 ஜனவரியில் கொழும்பில் கார்ன்வாலிஸ் கப்பலில் ஏற்றப்பட்ட மன்னர், சென்னை வழியாக வேலூர் வந்தார். கோட்டைக்குள் போனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கல்லில் பாயும் யாளிகளை அவர் காலத்திலும் பார்த்திருக்க முடியும். மூலஸ்தானத்தில் மட்டும் அப்போது லிங்கம் இல்லை. இன்று நாம் கும்பிடும் லிங்கம் மறுபடி உள்ளே வந்தது 1981இல்தான். ஆரத்தி நடக்கும் கோயிலை மன்னர் தரிசித்ததாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த இடத்தில் தவறிவிடுகிறார்கள்.

ஏறக்குறைய 16 ஆண்டு காவலுக்குப் பின், 1832 ஜனவரி 30இல் மன்னர் காலமானார். அவருடைய சமாதியும் குடும்பத்தார் சமாதிகளும் பாலாற்றங்கரையில் உள்ளன. மண்டபம் 1990இல் தமிழ்நாடு அரசு கட்டியது. கல்லறைகள் பழையவை, கட்டடம் புதிது. படம் எடுத்துப் போடும்போது இரண்டையும் ஒரே காலமாக எழுதிவிடாதீர்கள்.

கோட்டையை முதலில் பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போவதே நல்லது, காவலிருந்த இடம் மனதில் நிற்கும். இலங்கைக்குப் போக வாய்த்தால் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் கண்டி சிம்மாசனத்தையும் பாருங்கள். 1693இல் டச்சுக்காரர்கள் கண்டிக்குக் கொடுத்தது அது. 1815க்குப் பின் இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டைக்குப் போய், 1934இல் திரும்பி வந்தது.