உப்பு போட்ட விரதம்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

தம்பி தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. பால்குடம் எடுக்கப்போகிறான். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எனக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது.

மூன்று வருடத்துக்கு முன் இருமுனைக் கோளாறு, மனம் பித்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய், தலைதூக்கியபோதும் பேச்சு முழுக்க முருகன்தான். தூக்கமே இல்லாமல் சிங்கப்பூர்த் தேக்காவில் விடிய விடிய நடந்தான். நானே வேலன் என்றான். அதிலிருந்து அவன் கோயில் என்று வாயெடுத்தாலே நான் மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பேன். அசிங்கம்தான். ஆனாலும் எண்ணுவேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். டீயை நீட்டினேன். வாங்கியவன் கை ஆடிய ஆட்டத்தில் பாதி சட்டையில் கொட்டியது. இந்த நோய்க்கு அவன் சாப்பிடும் மாத்திரை லித்தியம். அதைச் சாப்பிடுபவர்களுக்குக் கொஞ்சம் நடுக்கம் இருக்கும்தான். இது கொஞ்சம் இல்லை.

குடைந்து கேட்டதில், ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் உப்பில்லாமல். தண்ணீரும் கணக்குப் பார்த்துத்தான்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா அதையும் வியாதின்னு எழுதிக்குவாங்கக்கா."

முன்பு பார்த்த டாக்டர் அப்படித்தான் எழுதினார். சாமி என்றாலே குனிந்து குறிப்பெடுப்பார். அடுத்த கேள்வி கேட்டதில்லை.

ஜனவரி 16, வியாழன்

இப்போது பார்ப்பவர் சீனப் பெண். நேற்று எடுத்த ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறியிருக்கிறது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளுமாம். ஏற ஏற விஷம். மாத்திரையின் அளவை மாற்றினார், அடுத்த வாரம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். விரதம் கூடாது என்று சொல்லிவிடுவார் என்றே காத்திருந்தேன். "எதற்காக இந்த விரதம்?" என்று கேட்டார்.

"நான் வார்டுல இருந்தப்ப அம்மா வேண்டிக்கிட்டாங்க. அந்தக் கடனை நான்தான் அடைக்கணும்." பத்து நிமிடம் பேசினான். அவன் இப்படிப் பேசிப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

பிறகு பேரம். மரக்கறி சரி. உப்பும் தண்ணீரும் வழக்கம்போல வேண்டும், மூன்று வேளையும் சாப்பிட வேண்டும். நள்ளிரவு ஊர்வலம் வேண்டவே வேண்டாம், காலையில் போகலாம். தூக்கம் கெட்டால் பித்து திரும்பிவிடும் என்றார்.

அம்மாவுக்கு உப்புதான் உறுத்தல். உப்பு போட்டால் அது என்ன விரதம் என்று ரயிலில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் ரசத்தில் அவரே உப்பு போட்டார், வழக்கத்துக்கு ஒரு கல் கூடவே.

பிப்ரவரி 11, செவ்வாய்

பூசத்துக்கு 1968-லிருந்தே இங்கே பொதுவிடுமுறை கிடையாது. லீவு போட்டுவிட்டுப் போனோம். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் குடத்தைத் தலையில் ஏற்றியபோது அவன் விரல்களையே பார்த்தேன். லேசான நடுக்கம், அவ்வளவுதான். டேங்க் ரோடு முருகன் கோயில் வரை தண்ணீர்ப் போத்தலோடு பின்னாலேயே நடந்தேன். மூன்று இடத்தில் நிறுத்திக் குடிக்கவைத்தேன். "போதும்க்கா, முருகனே சிரிப்பாரு" என்றான்.

இரவு ஒன்பதரைக்கெல்லாம் அவன் அறையில் குறட்டை. மாத்திரையை நான் எண்ணவில்லை. சரி, பொய் எதற்கு, எண்ணினேன். சரியாக இருந்தது.