துருவ நட்சத்திரம் வேப்பமரத்துக்குப் பின்னால்

வானத்தைப் படம் எடுப்பது பற்றி எந்த வீடியோவைப் பார்த்தாலும் தொடக்கம் ஒன்றுதான்: "முதலில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடியுங்கள்." சொல்கிறவர் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பார். அவருக்கு அது பாதி வானத்தில் ஜம்மென்று நிற்கும். கோவில்பட்டிக்காரனான எனக்கு அடிவானத்திலிருந்து ஒன்பது டிகிரிதான். கையை நேராக நீட்டி விரல்களை மடக்கினால் அந்த அகலம் சுமார் பத்து டிகிரி. அதற்கும் கீழே. விளாத்திகுளம் பக்கம் எங்கள் மாமா ஊர்க் களத்தில்தான் நான் வழக்கமாகக் கேமரா வைப்பேன். அங்கிருந்து பார்த்தால் சரியாக அந்த இடத்தில் ஒரு வேப்பமரம். ஆறு வருடத்தில் களத்திலிருந்து துருவ நட்சத்திரத்தைப் பார்த்தது நாலைந்து தடவை இருந்தால் அதிகம், அதுவும் காற்றில் கிளை விலகும்போது.

என் லேத் பட்டறைக்கு வருகிற பையன்கள் செல்போனில் என் படங்களைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆரம்பிக்க எதை வாங்கணும்?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி மாளவில்லை. அதனால் இது.

எனக்கு இது தொற்றியது 2019 டிசம்பர் 26, கங்கண சூரிய கிரகணத்தன்று. கோவில்பட்டியில் அது பகுதி கிரகணம்தான். முழு வளையம் தெரிய கோவை, திருச்சி, திண்டுக்கல் பக்கம் போக வேண்டும். மகளைக் கூட்டிக்கொண்டு விடிவதற்கு முன்பே திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன். கையில் 14-ஆம் நம்பர் வெல்டிங் கண்ணாடி. (பட்டறையில் தினமும் போடுகிற 10, 11 நம்பர் சூரியனுக்குப் போதாது. விளையாடாதீர்கள்.) காலை ஒன்பதரை வாக்கில் சூரியன் வளையல் மாதிரி ஆனது. பக்கத்திலிருந்த டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வந்து கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். நான் அன்றைக்கு ராத்திரியே ஆன்லைனில் ஒரு டெலஸ்கோப்புக்கு ஆர்டர் போட்டேன்.

அது முதல் தப்பு. பெட்டியில் "450 மடங்கு" என்று பெரிதாகப் போட்டிருந்தது. முன் லென்ஸ் 70 மில்லிமீட்டர். லென்ஸ் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதுதான் நடைமுறைக் கணக்கு. ஆக 140-க்கு மேல் போனால் பெரிதாகத் தெரியும், கூடவே கலங்கலாகவும் தெரியும். அதைவிட மோசம் அதன் முக்காலி. மூச்சு விட்டால் நிலா துள்ளும். முக்காலியின் நடுவில் ஒரு பழைய பல்சக்கரத்தைக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

இருந்தாலும் அதைத் திட்டிக்கொண்டே இருக்க மனசில்லை. 2020 டிசம்பர் 21-இல் வியாழனும் சனியும் நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளிக்கு நெருங்கி வந்தன. மேகத்துக்கு நடுவே ஒரு இருபது நிமிடம் கிடைத்தது. ஒரே வட்டத்துக்குள் வியாழனும் அதன் நிலாக்களும், ஓரமாகக் காது முளைத்த மாதிரி சனியும். கொடுத்த காசு அன்றைக்கு வசூலாகிவிட்டது.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது: ஆறு மாதத்துக்கு எதையும் வாங்காதே. செல்போனில் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட ஆப்பைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போ. கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை என்று ஜாதகத்தில் படிக்கிற பெயர்கள் எல்லாம் கண்ணால் பார்க்கிற நட்சத்திரங்கள். திருவாதிரை என்பது ஓரியன் என்ற வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் தோளில் சிவப்பாக இருக்கிறதே, அது. ரோகிணி அதற்கு வடமேற்கே ஆரஞ்சு நிறத்தில். இன்னும் மேற்கே போனால் கார்த்திகைக் கொத்து. ஜாதகத்தை நம்புகிறாயோ இல்லையோ, பெயர்ப் பட்டியல் இலவசம்.

எனக்கு இதை ஸ்டெல்லேரியத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுத்தது அத்தை. களத்தில் முதல் தடவை அண்ணாந்துகொண்டு நின்றபோது, "என்ன மருமவனே, வானத்துல எதத் தொலைச்சிட்டு இப்படித் தேடுதிய?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் திண்ணையில் இருந்தபடியே கையை நீட்டி, "அந்தா நிக்கிது ஆறாமீனு. அது உச்சிய விட்டு எறங்கிருச்சுன்னா எங்க அய்யா கமலை எறைக்கக் கெளம்பிருவாரு" என்றாள். அவள் கை நீட்டிய இடத்துக்கு என் செல்போனைப் பிடித்தேன். கார்த்திகை. கடிகாரம் வீட்டுக்கு வந்த பிறகு யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லையாம்.

கண்ணுக்குப் பழகிய பிறகு வாங்கலாம் என்றால், 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு, முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர்). ஆறாமீனை அதில் பார்த்தால் ஆறு எங்கே நிற்கிறது, நாற்பது ஐம்பது இருக்கும். ஓரியனின் வாளில் மங்கலாக ஒரு புகைத் திட்டு தெரியும். அதுதான் எம்42. நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கிற வாயு மேகம், சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவு. கண்ணுக்கு அது சாம்பல் நிறம்தான். படத்தில் இருக்கிற ரோஜா நிறத்தை நேரில் எதிர்பார்த்து வருகிறவர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போடுவார்கள். என் மகளும் போட்டாள்.

சரி, அந்த ரோஜா நிறத்துக்குத்தான் கேமரா. கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் நண்பர் ஒருவரிடம் பழைய நிக்கான் டி3400-ஐயும் 50 மில்லிமீட்டர் லென்ஸையும் வாங்கினேன். முதல் ராத்திரி லென்ஸைத் தூரக் குறியீட்டில் கடைசி வரைக்கும் திருகி வைத்து நூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நூறிலும் நட்சத்திரங்கள் உளுந்த வடை. கடைசி வரை திருகினால் முடிவிலித் தூரத்தையும் தாண்டிப் போய்விடும் என்பது அப்போது தெரியாது. சிரியஸ் மாதிரி பளிச்சென்ற ஒன்றை கேமராத் திரையில் பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகிற இடத்தில் நிறுத்தி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட வேண்டும். அந்த டேப் இன்றைக்கும் என் லென்ஸில் இருக்கிறது.

அடுத்த பிரச்சினை, பூமி சுற்றுவது. ஒரு விநாடிக்கு வானம் 15 விகலை நகர்கிறது (ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் அதில் ஒன்று விகலை). என் கேமராவும் லென்ஸும் சேர்ந்தால் ஒரு பிக்சலுக்கு 16 விகலை. அதாவது ஓரியன் பக்கம் நட்சத்திரம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு பிக்சல் ஓடும். ஐந்து விநாடி திறந்து வைத்தால் புள்ளி கோடாகத் தொடங்கும். ஒன்றுமே இல்லாதவர்கள் செய்ய வேண்டியது, இரண்டு விநாடிப் படமாக முந்நூறு எடுத்து, சீக்வேட்டர் அல்லது டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. நூறு படம் அடுக்கினால் இரைச்சல், அதாவது படத்தில் தாறுமாறாக விழுகிற புள்ளிகள், பத்தில் ஒரு பங்காகும். நம் ஊர்ச் சூட்டுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் சென்சார் சூடாக ஆகப் படத்தில் பொரிப்பொரியாக வரும். எம்42-இன் நிறம் எனக்கு முதலில் வந்தது இந்த வழியில்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். லேத்தை வைத்துக்கொண்டு எப்படி நிறுத்துவது?

வானம் நகர்கிற வேகத்திலேயே கேமராவையும் திருப்பினால் புள்ளி கோடாகாது. அதற்குத்தான் கதவுக் கீல் மாதிரி இரண்டு தகடு. கீல் அச்சு வான துருவத்தை, அதாவது வானம் எதை மையமாக வைத்துச் சுற்றுகிறதோ அந்தத் துருவ நட்சத்திரப் பக்கத்து இடத்தைப் பார்த்திருக்கும், மேல் தகட்டில் கேமரா. கீழ்த் தகட்டிலிருந்து ஒரு எம்6 (6 மில்லிமீட்டர்) திருகுக் கம்பி மேல் தகட்டைத் தள்ளும். எம்6 மரை ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும். நட்சத்திரங்கள் முழு வட்டம் சுற்ற 23 மணி 56 நிமிடம், அதாவது 1,436 நிமிடம். அப்படியானால் சுற்றளவு 1,436 மில்லிமீட்டர் வருகிற வட்டத்தின் ஆரத்தில் கம்பியை வைத்தால், நிமிடத்துக்கு ஒரு சுற்று திருகினால் போதும். அந்த ஆரம் 228.5 மில்லிமீட்டர். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. இத்தனை வருடமாக மரை வெட்டுகிறேன், ஒரு மரை வானத்தோடு சேர்ந்து சுற்றும் என்று தோன்றியதே இல்லை.

கம்பியின் அடியில் ஒரு வட்டத் தகடு, அதில் நான்கு கோடு. பதினைந்து விநாடிக்கு ஒரு கால் சுற்று. செல்போன் டிக் டிக் என்று அடிக்க, மேல் தகடு நடுங்காமல் விரல் நுனியால் திருப்ப வேண்டும். இருபது நிமிடம் ஆனதும் கம்பியைப் பின்னால் சுற்றிவிட்டு மறுபடி தொடங்குவேன். பழைய இரும்பிலேயே செய்ததால் கைக்காசு போனது 640 ரூபாய், அதில் பாதி கேமராவை மாட்டுகிற உருண்டைத் தலைக்கு.

இங்கேதான் வேப்பமரம் வருகிறது. கீலைத் துருவத்துக்குக் காட்டத் துருவ நட்சத்திரம் தெரிய வேண்டுமே? செல்போனில் சாய்வு பார்த்து ஒன்பது டிகிரிக்குக் கீலைச் சாய்த்தேன். திசைக்குச் செல்போன் காம்பஸ். காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் எங்கள் பக்கம் வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள்தான், அகல லென்ஸுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆனாலும் மூன்று ராத்திரி நட்சத்திரம் கோடாகவே விழுந்தது. மரையில் தப்பு, கீலில் ஆட்டம் என்று என்னென்னவோ பிரித்து மேய்ந்தேன். கடைசியில் பிடித்தது மகள்தான். "அப்பா, இரும்புத் தகட்டு மேல வெச்சே காம்பஸ் பார்க்கீங்களே?" கால் இஞ்சு இரும்பு. முள்ளை அது இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பத்தடி தள்ளி நின்று திசை பார்த்து, களத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். அன்றைக்கு 30 விநாடிப் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது.

கீல் கிட்டத்தட்டப் படுத்துக் கிடப்பது பார்க்க ஒரு மாதிரியாக இருக்கும். வீடியோக்களில் எல்லாம் அது நிமிர்ந்து நிற்கும். நான் தப்பாகச் செய்துவிட்டேனோ என்ற சந்தேகம் ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போன பிறகுதான் தீர்ந்தது. அங்கே இருக்கிற வைணு பாப்பு தொலைநோக்கி, 2.34 மீட்டர் கண்ணாடி, 1986-இல் திறந்தது. நம் நாட்டிலேயே வடிவமைத்து, இங்கேயே கண்ணாடி தேய்த்துக் கட்டியது. அதன் பிரம்மாண்டமான குதிரைலாடச் சட்டமும் பன்னிரண்டரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. என் தகட்டின் பெரியப்பா மாதிரி. மற்றவர்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் அச்சின் தாங்கிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மேற்கில் எடுக்கிற எந்தப் படத்திலும் வரிசையாக வந்து உட்காரும். ஐப்பசி கார்த்திகையில் மழை மேகம், ஒன்றும் நடக்காது. தை மாதம் வானம் துடைத்த மாதிரி இருக்கும், ஆனால் பனி இறங்கும். ஒரு தடவை பதினொரு மணிக்கு மேல் எடுத்த படமெல்லாம் நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டத்தோடு வந்தது. லென்ஸ் பூத்துப்போயிருந்தது, துண்டால் துடைத்து இன்னும் கெடுத்தேன். இப்போது லென்ஸைச் சுற்றி மிதமாகச் சூடாகிற ஒரு பட்டை, பவர் பேங்கில் ஓடுகிறது. அப்புறம், வெள்ளை வேட்டி ஒன்று எடுத்துப் போங்கள். விடியும்போது அதை இரண்டாக மடித்து லென்ஸ் மேல் இழுத்துப் பிடித்து இருபது படம் எடுத்தால், ஓரம் இருட்டாக விழுவதையும் தூசிப் புள்ளிகளையும் மென்பொருளில் நீக்கிவிடலாம்.

வடக்கே நமக்குக் குறைவதைத் தெற்கு வட்டியோடு தருகிறது. ஒமேகா சென்டாரி என்று ஒரு நட்சத்திரப் பந்து, சுமார் ஒரு கோடி நட்சத்திரம். லண்டன்காரருக்கு அது எழுவதே இல்லை. கரிசல்காட்டிலிருந்து அது 33 டிகிரி உயரத்துக்கு வருகிறது. வெறும் கண்ணுக்கே மங்கின புள்ளி. பைனாகுலரில் சீனிப் பொட்டணம் பிரிந்து கிடக்கிற மாதிரி. அதற்கும் கீழே தென்சிலுவை நேராக நிற்கும். அந்தப் பக்கம் ஊர் இல்லை, விளக்கு இல்லை, மரம்கூட இல்லை, பருத்திக்காடு மட்டும்தான்.

2026 ஏப்ரல் 17 அமாவாசை. நடுராத்திரி வாக்கில் ஒமேகா சென்டாரி உச்சத்துக்கு வரும். தலா 30 விநாடியில் 120 படம் எடுப்பதாக இருக்கிறேன். களத்தின் வடக்கு ஓரத்தில் சோளத்தட்டைப் படப்பு போட்டிருப்பதாக மாமா போன் செய்தார், வேப்பமரத்துக்குப் பக்கத்திலேயே. "இடைஞ்சலா இருக்குமோ?" என்று கேட்டார். சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் இருந்தால் போதும் என்றேன்.